இருபத்துநான்கு வாக்கும் நாற்பத்தொரு படியும்

2003ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 23ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடம். குசினி யன்னலுக்கு வெளியே மருமகன் பொருத்தித் தந்த வெப்பமானி பூச்சியத்துக்கு மேல் இரண்டு பாகை காட்டியது. மழையா பனியா என்று சொல்ல முடியாத ஏதோ ஒன்று விழுந்துகொண்டிருந்தது. நான் ஒரு பிஸ்கட் தகரத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்றாம் மாடியிலிருந்து படியிறங்கினேன். தகரத்தின் மூடியில் நானே ஒரு நீள வெட்டு வெட்டியிருந்தேன். அதுதான் வாக்குப்பெட்டி.

எங்கள் கட்டடம் கியூபெக்கில், குடியேறிகள் நிறைந்த பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் இருந்தது. இருபத்துநான்கு வீடு. முதலாளி என்று ஒருவர் கிடையாது. குடியிருப்பவர்களே கூட்டுறவாகச் சேர்ந்து நடத்தினார்கள். வாடகையை எவ்வளவு ஏற்றுவது, எந்தக் குழாயை முதலில் திருத்துவது, ஒரு வீடு காலியானால் அதை யாருக்குக் கொடுப்பது எல்லாம் ஐந்து பேர் கொண்ட நிர்வாகசபையின் கையில். அன்று அந்த ஐந்து பேரைத் தெரிவு செய்யும் நாள். தேர்தலை நடத்தி வாக்கெண்ணும் தெரிவத்தாட்சி அலுவலர் நான்.

காலியாகப் போகிற வீடு இரண்டாம் இலக்கம். கீழ்த்தளம். அதில் இருந்த கிரேக்க விதவை, மகனோடு பக்கத்து நகரமான லவாலில் இருப்பதற்காகப் பெப்ரவரியில் போகப் போகிறார் என்று மே மாதத்திலேயே எல்லோருக்கும் தெரியும். அந்த வீட்டுக்குப் பக்கத்து ஒழுங்கையில் தனிக் கதவு உண்டு. கதவுக்கு ஒரே ஒரு படி. எங்கள் வீட்டிலிருந்து முன்வாசலுக்கு முப்பத்துநான்கு படி, வாசலிலிருந்து வீதிக்கு ஏழு, மொத்தம் நாற்பத்தொன்று. என் மனைவியின் இடது முழங்கால் தேய்ந்துவிட்டது என்று வைத்தியர் படம் எடுத்துக் காட்டியிருந்தார். வலது முழங்கால் அதன் வழியே போய்க்கொண்டிருந்தது. இறங்க அவளுக்கு ஒன்பது நிமிடம், ஏறப் பதினான்கு. இடையில் இரண்டு இடத்தில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கோடையில் வாரத்துக்கு நான்கு தரம் வெளியே போனவள், நவம்பரில் ஞாயிறு தேவாலயப் பூசைக்கு மட்டும் போனாள். பனி கொட்டத் தொடங்கினால் அதுவும் நின்றுவிடும் என்று எனக்குத் தெரியும். இரண்டாம் இலக்க வீடு எங்களுக்குக் கிடைக்கவேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்காக நான் ஒரு தேர்தல் முறையையே கொண்டுவந்தேன்.

அதுவரை வருடாந்தக் கூட்டத்தில் கையை உயர்த்தித்தான் தெரிவு நடக்கும். கிரேக்கர் ஒன்பது வீடு. அவர்கள் ஒன்பது பேரும் தவறாமல் வருவார்கள். நாங்கள் தமிழர் பத்து வீடு. இரவு வேலை, பகல் நித்திரை என்று நாலைந்து பேர்தான் வருவோம். மிச்சம் ஐந்து வீடு: வங்காளிகள் மூன்று, ஒரு பஞ்சாபி, இரண்டு பூனை வளர்க்கும் ஒரு கியூபெக் மாது. ஆகவே ஒவ்வொரு வருடமும் ஐந்து ஆசனமும் கிரேக்கர்களுக்கே போயின. அந்த வருடம் யூனில் ஒரு வங்காளிக்காரர் எழுந்து இது அநியாயம் என்று கத்தினார். கூட்டுறவுகளுக்கு ஆலோசனை சொல்ல வந்திருந்த இளம் பெண் என்ன செய்வதென்று தெரியாமல் பேனையை மூடி மூடித் திறந்தாள். அப்போது நான் எழுந்தேன்.

ஊரில் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் எழுதுவினைஞராக இருந்தவன் நான். ஆறு தேர்தலில் வாக்கெண்ணியிருக்கிறேன். அதில் இரண்டு விகிதாசார முறையில் நடந்தவை. ஒன்று உள்ளூராட்சித் தேர்தல். ஆளுக்கு வாக்கில்லை, பட்டியலுக்கு வாக்கு. வாக்கின் அளவுக்கு ஆசனம் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. தெரிவை நவம்பருக்குத் தள்ளிவைத்து, சட்டங்களை எழுதும் பொறுப்பை அங்கேயே என்னிடம் தந்துவிட்டாள். நான்கு பக்கம் எழுதினேன். மகள் பிரெஞ்சில் மாற்றித் தந்தாள். பட்டியலுக்குள் பிடித்த ஆளைக் குறிக்கிற விருப்பு வாக்கை மட்டும் நான் சேர்க்கவில்லை. ஊரில் ஒரே பட்டியலில் நின்றவர்கள் எதிர்ப்பட்டியலை விட்டுவிட்டு ஒருவரின் சுவரொட்டியை ஒருவர் கிழித்ததைக் கண்ணால் கண்டவன்.

ஆனால் இன்னொன்றைச் சேர்த்தேன். ஊர் உள்ளூராட்சித் தேர்தலில் முதலாவதாக வந்த பட்டியலுக்கு இரண்டு ஆசனம் போனஸாகக் கொடுப்பார்கள். எங்கள் ஐந்துக்கு ஒன்று போதும் என்று எழுதினேன். வழக்கத்தில் எழுதினேன் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது முழு உண்மையல்ல. எழுதுமுன் ஒரு துண்டுத் தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். போனஸை எடுத்து வைத்தால் மிச்சம் நான்கு ஆசனம். இருபத்துநான்கு வாக்கை நான்கால் பிரித்தால் ஆறு. ஆறு வாக்குக்கு ஓர் ஆசனம்; அதற்குப் பிறகு யாரிடம் மிச்ச வாக்கு அதிகமோ அவருக்கு அடுத்த ஆசனம். தமிழருக்குப் பத்து: ஒன்று, மிச்சம் நான்கு. கிரேக்கருக்கு ஒன்பது: ஒன்று, மிச்சம் மூன்று. மற்றவர்களுக்கு ஐந்து: ஆசனம் இல்லை, மிச்சம் ஐந்து. மீதி இரண்டு ஆசனமும் மற்றவர்களுக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று என்று போகும். போனஸோடு எங்களுக்கு மூன்று. ஐந்தில் மூன்று. இரண்டாம் இலக்க வீட்டின் திறப்பு எங்கள் கையில்.

எங்கள் பட்டியலின் முதலாவது பெயர் இரண்டாம் மாடிக்காரர். நாற்பத்தைந்து வயதிருக்கும். டவுன்டவுனில் ஓர் உணவகக் குசினியில் மேற்பார்வையாளர். சொந்தமாக வான் வைத்திருந்தார். ஞாயிறு தோறும் எங்கள் இருவரையும் பூசைக்கு ஏற்றிக்கொண்டு போவது அவர்தான். மனைவியின் முழங்காலைப் பற்றி அவரிடம் சொன்னபோது, "ஐயா, உங்கட அலுவல் என்ர அலுவல். யோசியாதேங்கோ," என்றார். நான் யோசிக்கவில்லை.

பட்டியல்களுக்குச் சின்னமும் கொடுத்தேன். தமிழருக்குத் தேத்தண்ணிக் கேத்தல், கிரேக்கருக்குச் சாவி, மற்றவர்களுக்குக் குடை. கிரேக்கர்களின் தலைவர் கம்பளி மேலங்கி தைத்து ஓய்வு பெற்றவர், பெரிய மீசைக்காரர். தங்களுக்கு ஏன் சாவி என்று கேட்டார். "பதினோரு வருடம் நீங்கள்தானே வைத்திருந்தீர்கள்?" என்றேன். கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார். அவர் சிரித்தது அன்று எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டுக்கு ஒரு வாக்கு. எண்ணுகிறவன் வாக்களிப்பது அழகல்ல என்று எங்கள் வீட்டு வாக்கை மனைவியிடம் விட்டேன். வாக்களிப்பு நிலக்கீழ்ச் சலவை அறையில். முப்பத்துநான்கு படிக்குக் கீழே இன்னும் பன்னிரண்டு. அவள் பதினொரு நிமிடத்தில் வந்து சேர்ந்தாள். சலவை இயந்திரத்துக்குப் பின்னால் நான் கட்டிய போர்வை மறைப்புக்குள் போனாள், வந்தாள், சீட்டை நான்காக மடித்துத் தகரத்துக்குள் போட்டாள். என்னைப் பார்க்கவில்லை. முழங்கால் நோகிறது என்று நினைத்தேன்.

நான்கு மணிக்குத் தகரத்தைத் திறந்தேன். இருபத்துநான்கு சீட்டும் இருந்தன. கழிவு ஒன்றும் இல்லை. ஒவ்வொன்றாக விரித்து, எல்லோருக்கும் தெரியத் தூக்கிப் பிடித்து, சின்னத்தைச் சொல்லி, மூன்று குவியலாக வைத்தேன். குடை ஐந்து. சாவி பத்து. கேத்தல் ஒன்பது.

"உதென்ன ஐயா ஒன்பது?" என்றார் இரண்டாம் மாடிக்காரர். "நாங்கள் பத்து வீடெல்லோ?"

"பத்துத்தான்."

"அப்ப ஒண்டு எங்க?"

"ஒட்டிக்கொண்டிருக்கும். திருப்பி எண்ணுறன்."

திருப்பி எண்ணினேன். ஒன்பது. சீட்டுகளை விரலால் உரசிப் பார்த்தேன், ஒன்றோடொன்று ஒட்டவில்லை. தகரத்தைக் கவிழ்த்துப் பார்த்தேன், பிஸ்கட் தூள்தான் விழுந்தது. எங்கள் ஆட்கள் ஒன்பது பேர் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முதல் மாடியில் இருந்த ஒருவர், "நான் கேத்தலுக்குத்தான் போட்டனான், தாயாண!" என்று ஒருவரும் கேட்காமலே சத்தியம் செய்தார். மற்றொருவர், "உமக்குக் கண்ணாடி இல்லாமல் கேத்தலும் குடையும் ஒண்டுதானே," என்றார். சிரிப்பு வரவில்லை.

 ஆறு தேர்தலிலும் என் மேசையில் ஒரு வாக்குப் பிசகியதில்லை. மூன்றாம் முறை எண்ணும்போது சாவிக் குவியலில் ஒரு சீட்டில் கண் நின்றது. மற்றவர்களின் பெருக்கல்குறிப் புள்ளடி கட்டத்தை நிரப்பிக்கொண்டு கிடக்க, இது மிகச் சிறியது. மூலையில் ஒதுங்கி, ஒரு கால் நீண்டு. அப்படி ஒரு புள்ளடியை நான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கே என்று பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது. மருந்து குடித்த நாளைக் குசினிக் கலண்டரில் குறிக்கிற புள்ளடி. உலகத்தில் புள்ளடி போடுகிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் போடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அடுத்த சீட்டை எடுத்தேன்.

ஒரு வாக்கு இடம் மாறியதில் என் துண்டுத் தாள் அப்படியே தலைகீழாகியது. சாவிக்குப் பத்து: ஒன்று, மிச்சம் நான்கு. அதனால் இன்னொன்று. முதலாவதாக வந்ததற்குப் போனஸ் ஒன்று. கிரேக்கருக்கு மூன்று. எங்களுக்கு ஒன்று. குடைக்கு ஒன்று. போனஸ் என்று ஒன்று இல்லாமல் ஐந்து ஆசனத்தையும் நேராகப் பங்கிட்டிருந்தால் அதே ஒன்பது வாக்குக்கு எங்களுக்கு இரண்டு வந்திருக்கும். இதை அங்கே நின்றபடியே மனதுக்குள் கணக்குப் பார்த்தேன். மற்றவர்கள் பார்க்கவில்லை என்று நினைத்தேன். முடிவை வாசித்தேன். மீசைக்காரர் கைகொடுத்தார்.

மேலே வந்தேன். மனைவி காலை ஒரு கதிரையில் நீட்டிவைத்துக்கொண்டு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"கேத்தலுக்கு ஒன்பதுதான்," என்றேன்.

"ஓம்."

"என்ன ஓம்? பத்து வரவேணும்."

"அந்த ஒண்டு நான்தான்."

நான் கலண்டரைப் பார்த்தேன். பிறகு அவளைப் பார்த்தேன். ஒன்றும் விளங்கவில்லை. "நீர் ஆருக்காக நான் இவ்வளவும் செய்தனான் எண்டு தெரியுமோ?"

"தெரியும். கத்தாதேங்கோ. கீழ இருக்கிறாக்களுக்குக் கேக்கும்." கீரைத் தண்டை முறித்துப் போட்டாள். "போன கிழமை இரண்டாம் மாடிக்காரற்ர மனுசி அளவு நாடாவோட வந்தவ. கீழ் வீட்டு யன்னலை அளக்கவேணுமாம், ஒரு கை பிடிச்சு விடுங்கோ அன்ரி எண்டு. அவவின்ர தாய் தேப்பனுக்குக் கொழும்பில விசா சரியாம். மார்ச்சில வருகினமாம். அந்த வீட்டுக்குத் திரைச்சீலை தைக்கப்போறாவாம். நாடாவின்ர மற்றப் பக்கத்தைப் பிடிச்சது நான்."

"எத்தனை அடி?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று இன்றுவரை தெரியாது.

"ஐஞ்சேகால்."

"இதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா நீங்கள் நேரா அவரிட்டப் போவியள். கதைப்பியள். சண்டை வரும். பேந்து ஆர் எங்களைக் கோயிலுக்கு ஏத்திக்கொண்டு போறது?"

"சாவிக்குப் போட்டா மட்டும் அவங்கள் எங்களுக்குத் தருவாங்களோ?"

"தெரியாது. இவர் தரமாட்டார் எண்டு தெரியும். அதுதான் போட்டனான்."

அன்று மாலை முழுவதும் நான் அந்த மேசையில் இருந்து யோசித்தேன். அவர் எனக்குப் பொய் சொன்னாரா? உங்கள் அலுவல் என் அலுவல் என்றார். வீடு தருகிறேன் என்று சொல்லவில்லை. நான் யாருக்காவது பொய் சொன்னேனா? போனஸ் சட்டத்தை நான்கு பக்கத்தில் எல்லோருக்கும் தெரிய எழுதினேன். துண்டுத் தாளைக் காட்டவில்லை. மனைவி பிழை செய்தாளா? அவள் ஒருத்திதான் சட்டப்படி செய்தாள். எந்தப் பக்கத்தால் கூட்டினாலும் விடை வேறு வேறாக வந்தது.

டிசம்பர் நடுப்பகுதியில் புதிய நிர்வாகசபை கூடியது. இரண்டாம் இலக்கத்துக்கு இரண்டு விண்ணப்பம்: வைத்தியர் கடிதத்தோடு எங்களுடையது, வரப்போகிற மாமன் மாமிக்காக இரண்டாம் மாடிக்காரருடையது. கூட்டம் முடிந்ததும் மீசைக்காரர் தானே மூன்று மாடியும் ஏறி வந்தார். கதவடியில் நின்று மூச்சு வாங்கினார். வீடு உங்களுக்கு, நான்கு வாக்குக்கு ஒன்று என்றார். பிறகு தன் ஆங்கிலத்தில், "மெசியூ, இங்கே இருக்கிற முழங்காலுக்கு முதலில், வரப்போகிற முழங்காலுக்குப் பிறகு," என்று சொல்லித் தன் காலையே தட்டிக் காட்டினார். மனைவி அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தாள். சீனி மூன்று கரண்டி போட்டுக்கொண்டார்.

ஒரு கிழமைக்குள் கதை சுற்றத் தொடங்கியது. போனஸ் சட்டத்தைக் கொண்டுவந்தது யார்? இவர். எண்ணியது யார்? இவர். போனஸ் யாருக்குப் போனது? கிரேக்கருக்கு. கீழ் வீடு யாருக்குக் கிடைத்தது? இவருக்கு. எனக்கே ஒருவர் இதைச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். தமிழ்க் கடையில் பருப்பு எடுத்துக்கொண்டு நின்றபோது அரிசி மூட்டைக்கு அந்தப் பக்கம் முதல் மாடிக்காரரும் இன்னொருவரும் கதைப்பது கேட்டது.

"போனஸ் ஐயா வாறார், விலகுங்கோ."

"ஆசனம் அவங்களுக்கு, போனஸ் இவருக்கு."

"முப்பது வருசம் கச்சேரியில இருந்தவரெல்லோ. சும்மாவே?"

முப்பத்தொன்று என்று திருத்த வாய் எடுத்தேன். விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வான் எங்கள் வாசலில் நிற்கவில்லை. நான் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நாற்பத்தொரு படியும் இறங்கி பஸ்ஸுக்கு நின்றேன். பனியில் பதினெட்டு நிமிடம். அவள் சால்வையால் வாயை மூடிக்கொண்டு, "நான் போய்ச் சொல்லட்டே, நான்தான் போட்டனான் எண்டு?" என்றாள்.

"வேண்டாம். வாக்கு இரகசியம்."

"நீங்கள் இப்ப உத்தியோகத்தில இல்லை."

"தகரம் இன்னும் என்னட்டதான் இருக்கு."

அவள் அதற்குப் பிறகு அதைப் பற்றிக் கேட்கவில்லை. நான் சொல்லாமல் விட்டது தேர்தல் சட்டத்துக்காகவா, அவளைக் கடையில் அப்படிப் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடக்கூடாது என்பதற்காகவா என்று எனக்கே தெளிவில்லை. இரண்டுக்கும் ஒரே விடைதானே வந்தது என்று விட்டேன்.

1999இல் நாங்கள் அந்த மூன்றாம் மாடிக்குக் குடிவந்தபோது, கட்டடத்திலும் அடுத்த தெருவிலும் இருந்த தமிழர் பதினொரு பேர் கேட்காமலே வந்து சாமான் ஏற்றினார்கள். ஒன்றரை மணித்தியாலம். மனைவி நாற்பத்தெட்டு ரோல்ஸ் பொரித்தாள், ஒன்றும் மிஞ்சவில்லை. குளிர்பெட்டியை முதுகில் கட்டி ஏற்றியவர் இதே இரண்டாம் மாடிக்காரர்.

2004 பெப்ரவரி கடைசிச் சனிக்கிழமை சாமான் இறக்கவேண்டும். மூன்று கதவில் தட்டினேன். ஒருவருக்கு டபிள் ஷிப்ட். ஒருவருக்கு முதுகில் நாரி பிடித்திருந்தது. முதல் மாடிக்காரர் கதவைப் பாதி திறந்து, "கிரேக்கரைக் கேளுங்கோவன் ஐயா," என்றார். நான்காவது கதவில் தட்டவில்லை. கிரேக்கர்களில் என்னைவிட இளையவர் எவரும் இல்லை. மருமகன் வேலை விஷயமாக ஒட்டாவாவில். மூலையில் தெப்பனர் என்கிற சில்லறைக் கடையில் ஒட்டியிருந்த காகிதத்தில் ஓர் இலக்கத்தைப் பார்த்து, வான் இல்லாமல் கைச்சுமைக்கு மட்டும் இரண்டு பேரைப் பிடித்தேன். இரண்டு பேருக்கும் சேர்த்து மணித்தியாலத்துக்கு அறுபது டொலர்.

பூச்சியத்துக்குக் கீழ் பதினேழு பாகை. முன்வாசலால் இறக்கி, ஏழு படி கடந்து, ஒழுங்கையால் சுற்றிக் கொண்டுவரவேண்டும். குளிர்பெட்டி முதல் மாடித் திருப்பத்தில் இறுகிக்கொண்டது. அவர்கள் பிரெஞ்சில் திட்டினார்கள். அப்போது இரண்டாம் மாடிக்காரர் இரவு வேலை முடிந்து கீழிருந்து ஏறி வந்தார். வழி இல்லை. என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த பையைப் படியில் வைத்துவிட்டு, கைப்பிடிச் சுவரோடு சாய்ந்து, பெட்டியின் கீழ் மூலையைத் தோளால் ஒரு நெம்பு நெம்பினார். அது விடுபட்டு இறங்கியது.

"தம்பி," என்றேன்.

"கதவைக் கழட்டிப்போட்டு இறக்கியிருக்கவேணும் ஐயா," என்றார். பையை எடுத்துக்கொண்டு மேலே போனார். அவருடைய மாமனும் மாமியும் அடுத்த மாதம் வந்து இரண்டாம் மாடிக்குத்தான் ஏறினார்கள். மாமியாருக்கும் முழங்கால் நோ என்று பிறகு கேள்விப்பட்டேன். எந்தக் கால் என்று விசாரிக்கவில்லை.

மனைவி கடைசியாக வந்தாள். ஒழுங்கைக் கதவில் அந்த ஒரு படியில் காலை வைத்து, ஏறி, திரும்ப இறங்கி, மறுபடி ஏறினாள். கிரேக்க விதவை யன்னலில் பழைய திரைச்சீலையை விட்டுப் போயிருந்தார். ஐந்தேகால் அடி. சரியாக இருந்தது.

இரண்டு பேரும் வேலை செய்தது இரண்டு மணித்தியாலம் பத்து நிமிடம். இரண்டரை என்று கணக்கெடுத்தார்கள். நூற்று ஐம்பது டொலர். அதற்கு மேல் சந்தோஷமாகக் கொடுத்தது பத்து. தெப்பனரில் இரண்டு கோப்பி, ஒன்று ஒன்றேகால். ரோல்ஸ் பொரிக்கவில்லை. எல்லாமாக நூற்று அறுபத்திரண்டு டொலர் ஐம்பது சதம்.